தேரை சொன்ன ஆமாம்

எனக்கு வந்த நோயின் இங்கிலீஷ் பெயரைத் திக்காமல் சொல்லப் பழகுவதற்குள் நோயே போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் பாதியிலேயே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் சோறு தண்ணி இல்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். "பேசுறதையெல்லாம் எழுதிப்போடு அம்மணி, எங்க காதாவது பொழைச்சுக்கும்" என்று எங்கள் வீட்டுக்காரர் நச்சரித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதே நோய் வந்து, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் யாராவது இருந்தால் அவளுக்கு இது உதவட்டும். நோயில்லாதவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் ஊர் துடியலூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம். என்னைக் கட்டிக் கொடுத்த வருஷம்தான் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. மோட்டாருக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் ஆரத்தி எடுத்தார்கள் என்று என் மாமியார் நாச்சம்மா எல்லாரிடமும் சொல்வார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். வாய் பெரிசு, கை அதைவிடப் பெரிசு. எதிரே யார் வந்தாலும் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு.

கல்யாணமான சில மாதத்தில் நான் முழுகாமல் இருந்தேன். வாந்தி என்றால் சாதாரண வாந்தி இல்லை, பச்சைத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. வயிறோ, மூன்றாம் மாதத்திலேயே ஐந்து மாதத்து வயிறாக நின்றது. "ரெட்டைப் பிள்ளைதான் கண்ணு, சந்தேகமே இல்லை" என்று அத்தை இரண்டு தொட்டிலுக்குச் சேலை கிழித்துவைத்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் காலையில் உதிரம் பட ஆரம்பித்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் என்னைப் படுக்கவைத்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கேதான் டாக்டர் மேபலை முதன்முதலில் பார்த்தேன். நாற்பது வயதைத் தொட்டிருப்பார். வெள்ளைச் சேலை, ரப்பர் செருப்பு, கழுத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மணி, இது பிள்ளை இல்லை. முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க, கேட்டிருக்கியா?"

நான் கேட்டதில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். சில சமயம் கரு பிடித்த பிறகும் குழந்தை உருவாவதில்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டிய நஞ்சுக்கொடி மட்டும் தனியாக ஊதி, திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கொப்புளங்களாக வளர்ந்து கர்ப்பப்பையை நிறைத்துவிடும். அதுதான் முத்துப்பிள்ளை. உன் தப்பும் இல்லை, உன் வீட்டார் தப்பும் இல்லை என்று அத்தையைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தடவையும் சொன்னார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கே எனக்கு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள்.

நான் வீட்டுக்குப் போனால் சரி என்று நினைத்தேன். டாக்டர் மேபல் விடவில்லை. "சிறுநீர் கொண்டுவந்து கொடுத்துட்டே இருக்கோணும். தேரை சொல்லோணும், எல்லாம் போயிருச்சுன்னு" என்றார்.

தேரையா என்று எனக்கு ஒரே திகைப்பு. நாம் சொறித்தவளை என்று ஒதுங்கிப் போகிறோமே, அதேதான். கர்ப்பமாக இருக்கிற பெண்ணின் சிறுநீரில் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற ஒரு சத்து இருக்குமாம். அந்தச் சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து ஆண் தேரையின் முதுகுத்தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றுவார்கள். சில மணி நேரம் கழித்துத் தேரையின் நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அதன் விந்தணு நீந்திக்கொண்டிருந்தால் 'ஆமாம்'. ஒன்றும் இல்லாவிட்டால் 'இல்லை'. அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கர்ப்பமா என்று தெரிந்துகொள்ள இதைத்தான் செய்தார்கள். என் விஷயத்தில் கணக்கு தலைகீழ். சுத்தம் செய்த பிறகு தேரை 'இல்லை' என்று சொன்னால்தான் நல்லது. 'ஆமாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், முத்து எங்கேயோ மிச்சமிருந்து வளர்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் புரிந்தது, அத்தைக்குப் புரியவில்லை. அடுத்தடுத்து இரண்டு தடவை தேரை 'ஆமாம்' சொன்னது. வராந்தாவில் காத்திருந்த அத்தைக்கு ஒரு நர்ஸ் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்தது. அவ்வளவுதான், ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்துவிட்டார். டாக்டர் மேபல் உள்ளே வந்தபோது அவர் கையிலும் ஒன்றைத் திணித்தார்.

"என்ற மருமக மறுபடியும் முழுகாம இருக்கறாளாமுங்க!"

டாக்டர் அந்த ஜிலேபியைக் கீழே வைக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. அதைக் கையில் வைத்தபடியே அத்தையை உட்காரவைத்து, 'ஆமாம்' என்றால் என்ன என்று சொன்னார். பாகு அவர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அத்தைக்கோ, "நீங்களாவது தின்னுருக்கலாமுங்க" என்று டாக்டர் மேல்தான் அன்றைக்குக் கோபம்.

அந்த வாரமே எனக்கு இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் அங்கங்கே வட்ட வட்டமாக வெள்ளை. மிச்சமிருந்த முத்து புற்றாக மாறி ரத்தத்தோடு போய் அங்கே உட்கார்ந்திருந்தது. புற்றுநோய் என்ற சொல்லை டாக்டர் மறைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. சாகப்போகிறோம் என்ற பயத்தைவிட, ஒன்றையும் பார்க்காமல் சாகப்போகிறோமே என்ற ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். வார்டு நர்ஸ் அதை எடுத்துவைத்தாள்.

ஆஸ்பத்திரியின் பெரிய சர்ஜன் நல்ல மனிதர், ஆனால் கத்திதான் அவருக்குத் தெரிந்த மொழி. "கர்ப்பப்பையை எடுத்துரலாம். வேற வழியில்லை" என்றார். டாக்டர் மேபல் என் கட்டிலுக்கு எதிரிலேயே மறுத்தார்.

"எடுத்தா நுரையீரல்ல இருக்கிறது போயிருமா, சார்? புதுசா ஒரு மாத்திரை இருக்குதுங்க. நான் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கேன். கர்ப்பப்பையும் மிஞ்சும், உசுரும் மிஞ்சும்."

"இங்கே கொடுத்திருக்கீங்களா?"

"இல்லை. வெளிநாட்டுல."

இந்த இடத்தில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ ஒரு டாக்டர் என்று நினைத்துவிடுவீர்கள். கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார். டாக்டருக்குப் படித்து, உதவித்தொகையில் கடல் தாண்டிப் போய், புற்றுநோய் உயிரணு எப்படிப் பெருகுகிறது என்று ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வருஷக்கணக்கில் பார்த்தவர். அங்கேயே இருக்கச் சொன்னார்களாம். திரும்பி வந்துவிட்டார். இங்கே அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிக்கூடம், ஆஸ்பத்திரிச் சமையலறையை ஒட்டி விறகு அடுக்கியிருந்த அறை. அதை வெள்ளையடித்து, கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பை வைத்து, தேரைப் பானைகளை வரிசையாக அடுக்கினார். கூட இருந்த டாக்டர்களே முதுகுக்குப் பின்னால் 'தேரை டாக்டர்' என்றார்கள். காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். பிரசவம் பார்த்துவிட்டு நேராக அந்த அறைக்குப் போவார், சாம்பார் வாசனையில் உயிரணுவை எண்ணுவார்.

மாத்திரை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்காக எங்கள் வீட்டுக்காரர் உழவுக் காளை ஜோடியைப் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றுவிட்டு வந்து, "வயசாயிருச்சு, படுத்துப் படுத்து எந்திரிக்குதுக" என்று என்னிடம் சாதித்தார். அந்தக் காளைகள் என் கையால் தவிடு தின்றவை. நேற்றுப் பிறந்த மாதிரித் துள்ளும். பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதர் என்று நான் போர்வைக்குள் அழுதேன்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். வேகமாகப் பெருகுகிற உயிரணு, கீரையில் இருக்கிற ஒரு சத்தைத் தின்றுதான் பெருகும். இந்த மாத்திரை அந்தச் சத்தைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போகும். தின்ற உயிரணுவால் அப்புறம் பெருக முடியாது. ஆனால் உடம்பில் வேகமாகப் பெருகுவது புற்று மட்டுமா? வாயின் உள்தோல், தலைமயிர், எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை எல்லாம்தான். அதனால் வாயெல்லாம் வெந்துபோனது, மயிர் கொத்துக் கொத்தாக வந்தது. சில நாள் மாத்திரை, அப்புறம் உடம்பு தேறும்வரை ஓய்வு, மறுபடி மாத்திரை. ராத்திரிகளில் எச்சில் விழுங்கவே பயந்து கிடப்பேன். அத்தை துணியை இளநீரில் நனைத்து நாக்கில் பிழிவார்.

நடுநெஞ்சு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்ப்பதுதான் டாக்டரின் பெரிய வேலை. எனக்கு உயிரே போகும். ஒரு தடவை கோபம் பொத்துக்கொண்டு வந்து, "நுரையீரல்ல நோவு, நெஞ்செலும்பை எதுக்குங்க குத்துறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைக் கைத்தாங்கலாக அந்த விறகு அறைக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். ஊதா நிறத்தில் ஏதேதோ வட்டங்கள்.

"பஞ்சம் வந்தாலும் உங்க ஊட்டுல விதைச்சோளத்தைத் தின்ன மாட்டாங்கல்ல? அந்த மாதிரி மஜ்ஜைக்குள்ள மூல உயிரணு கொஞ்சம் இருக்குது. ரத்தம் முழுக்க அதுலிருந்துதான் முளைக்குது. புற்றைக் கொல்றதுக்கு மாத்திரை போதும் கண்ணு. இந்த விதை போயிராம எம்புட்டு மாத்திரை கொடுக்கலாம், எப்ப நிறுத்தோணும், அதுதான் யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியலை. அதைத்தான் நான் தேடிட்டு இருக்கேன்."

"கிடைச்சுதுங்களா?"

"உன்ற நெஞ்செலும்புல பாதி கிடைச்சிருக்குது."

அதற்குப் பிறகு ஊசிக்கு நானே நெஞ்சைக் காட்டினேன். வலி குறையவில்லை, ஆனால் பாதி கண்டுபிடிப்புக்கு நான் சொந்தக்காரி ஆகிவிட்டேன் அல்லவா?

கோடை வந்தது. குளம் குட்டை வற்றி, ஆஸ்பத்திரிக்குத் தேரை பிடித்துக் கொடுக்கிற ஆள் கையை விரித்துவிட்டான். தேரை இல்லாமல் மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெறுகிற பெண்ணின் கண்ணில் தேரை படவே கூடாது, பட்டால் பிள்ளை வற்றிப்போகும் என்பார்கள். நான் முழுகாமல் இருந்தபோது என் கால்பட்ட இடமெல்லாம் அத்தை தேரையை விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறார். அந்த அத்தைதான், "மோட்டார் தண்ணி விழுற தொட்டிக்கடியில நெறையக் கிடக்குதுங்க, நான் கொண்டாரேன்" என்று கிளம்பினார்.

கூடையில் ஈரச்சாக்கு போட்டு மூடி எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் விடவில்லை.

"ஏனுங்கம்மா, கூடைக்குள்ள கோழியா? கோழிக்கு லக்கேஜ் போடோணுமுங்க."

"கோழி இல்லீங்க, தேரைங்க. எங்க மருமகளுக்கு."

பின்பக்க சீட்டில் இருந்த அத்தனை பேரும் முன்பக்கம் போய் நின்றார்களாம். காந்திபுரம் வரைக்கும் அத்தை காலை நீட்டிக்கொண்டு ராஜ மரியாதையோடு வந்து சேர்ந்தார். கூடையைத் திறந்த டாக்டர் மேபல் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாடு வாங்குகிற வீட்டுக்காரி அல்லவா, தொட்டிக்கடியில் இருந்ததிலேயே கொழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கி வந்திருக்கிறார். தேரையில் கொழுத்ததெல்லாம் பெட்டை. ஒன்றுகூட உதவாது.

"ஆண் எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"கையில பிடிச்சா கத்துமுங்க. பெட்டை சும்மா இருக்கும்."

"அட, எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க!" என்றார் அத்தை. எங்கள் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், பாவம்.

அடுத்த கூடையில் கத்துகிற தேரையாக வந்தது. மாத்திரைச் சுற்றுகள் போகப் போக எக்ஸ்ரேயில் வெள்ளை வட்டங்கள் மங்கின. ஒரு மத்தியானம் டாக்டர் மேபல் சமையலறைப் பக்கமிருந்து ரப்பர் செருப்பு சடசடக்க ஓடிவந்தார். ஒரு வார்த்தைதான் சொன்னார். "இல்லை!" அப்படியொரு இல்லையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அத்தை இந்தத் தடவை ஜிலேபி வாங்கப் போகுமுன், "நல்ல இல்லைதானுங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். டாக்டர் மூன்று தின்றார்.

இரண்டு வருஷத்துக்குக் குழந்தை கூடாது, தேரைச் சோதனையை விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மயிர் முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. தேரை ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்றது. எனக்குப் பிறகு அதே நோயோடு வந்த பெண்களை டாக்டர் மேபல் அதே மாத்திரையால் எழுப்பிவிட்டார். மஜ்ஜையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து விறகு அறையில் உட்கார்ந்து போனான். 'தேரை டாக்டர்' என்றவர்கள் தங்கள் மாணவர்களை அவரிடம் அனுப்பினார்கள். வேறொரு ஊரில் புதிதாகத் தொடங்குகிற மருத்துவக் கல்லூரிக்கு முதல்வராக வரச்சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. ஆராய்ச்சிக்கென்றே ஒரு கட்டடம் தருகிறார்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் நெஞ்செலும்புக்குக் கட்டடம் கட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

டாக்டர் சொன்ன காலம் முடிந்து சில மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. வாந்தியும் வந்தது. சோதனைக்குக் கொடுத்தேன். தேரை 'ஆமாம்' என்றது.

எந்த ஆமாம்? பிள்ளையா, புற்றா? இரண்டுக்கும் சிறுநீரில் அதே சத்துதான், தேரைக்கு இரண்டும் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளை இருந்தால் எக்ஸ்ரே அதற்குக் கெடுதல். மாத்திரை கொடுத்தால் பிள்ளை நிச்சயம் அழிந்துபோகும். கொடுக்காமல் விட்டு அது புற்றாக இருந்தால் நான் போய்விடுவேன். டாக்டர் மேபல் என்னை வார்டில் சேர்த்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். பிள்ளையாக இருந்தால் அந்தச் சத்து மூன்றாம் மாதம் வரை ஏறி அப்புறம் தானே இறங்கும். புற்றாக இருந்தால் ஏறிக்கொண்டேதான் போகும். சிறுநீரில் தண்ணீர் கலந்து கலந்து நீர்த்துப்போகச் செய்து தேரைக்குப் போட்டால், எவ்வளவு நீர்த்த பிறகும் 'ஆமாம்' சொல்கிறது என்பதை வைத்து ஏற்றமா இறக்கமா என்று தெரிந்துவிடும். நான்காம் மாதம் முடிகிறவரை காத்திருக்கலாம் என்றார். புதுக் கல்லூரியில் அவர் பொறுப்பேற்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது.

"நீங்க போங்கம்மா, மத்தவங்க பார்த்துக்குவாங்க" என்றேன், வாய்வார்த்தைக்கு.

"வாயை மூடிட்டுப் படு. நாற்காலி அங்கயேதான் இருக்கும், ஓடிப்போகாது" என்றார்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். வயிற்றைத் தடவிக் கொஞ்சத் தோன்றும். கையை எடுத்துவிடுவேன். உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் எப்படிக் கொஞ்சுவது? சில சமயம் உள்ளே ஏதோ புரள்வது போல இருக்கும். ஆசையினால் அப்படி இருக்கிறதா, நிஜமாகவே இருக்கிறதா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டுக்காரர் தினமும் வந்து, மோட்டார் ஓடுகிறது, பருத்தி காய் பிடித்துவிட்டது என்று வயிற்றைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டுப் போவார். அப்போது நல்ல மழை. அத்தை கூடை கூடையாகத் தேரை கொண்டுவந்தார்.

நான்காம் மாதம் முடிந்ததும் நீர்த்த சோதனை நடந்தது. எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் எல்லாத் தேரைகளும் 'ஆமாம்' என்றன. எல்லாமே. சர்ஜன் என் கட்டிலருகே வந்து, "இனியும் தள்ளிப்போடறது தப்பு, மேபல். நாளைக்கே மாத்திரையை ஆரம்பிச்சிருங்க" என்றார். டாக்டர் மேபல் சரி என்று தலையை ஆட்டினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் முதன்முறையாக என் வயிற்றில் கையை வைத்தார், சேலைக்கு மேலே, உள்ளே யாரிருந்தாலும் மன்னித்துக்கொள் என்பது போல.

மறுநாள் காலை டாக்டர் மாத்திரையோடு வருவார் என்று காத்திருந்தேன். வெறுங்கையோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"நாச்சம்மா, தேரையை ஊட்டுல எப்படி வெச்சிருந்தீங்க?"

"நல்லாத்தானுங்க வெச்சிருந்தேன். ஈரமணல் போட்டு, புழு பூச்சி போட்டு."

"தனித்தனியாவா?"

அத்தைக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "தனியா எப்படிங்க போடறது? ஆஸ்பத்திரில ஊசிக்குப் போற உசுருக. ஒத்தையில கிடந்தா ஏங்கிப் போகுமுங்க. அதனால பானைக்கு ஒரு சோடியாப் போட்டு வெச்சேன். பொறப்படறப்ப ஆணை மட்டும் எடுத்துட்டு வாரேன்."

டாக்டர் மேபல் நெற்றியில் அடித்துக்கொண்டார். மழைக்காலம், பெட்டையோடு கூடியிருந்த ஆண் தேரை. ஊசியே போடாவிட்டாலும் அதன் நீரில் விந்தணு இருக்கும். எவ்வளவு நீர்த்தாலும் ஒரே பதில் வருவது அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஊசி போடாத தேரைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். அவையும் 'ஆமாம்' என்றிருக்கின்றன!

"ஊசிக்கு முந்தி ஒருதரம் பார்க்கச் சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டது நான். இன்னைக்கு மாத்திரை கொடுத்திருந்தா..." என்றார். அத்தைக்கு விஷயம் மெல்ல விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். கொல்லக் கொண்டுபோகிற தேரைக்கும் துணை தேடிக் கொடுக்கிற மாமியாரை வைத்துக்கொண்டு நான் யாரைத் திட்டுவது?

தேரைகளைத் தனித்தனிப் பானையில் போட்டுச் சில நாள் வைத்து, ஒவ்வொன்றையும் முதலில் பார்த்து, 'இல்லை' சொன்னவற்றுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். தண்ணீர் கலக்காத சிறுநீருக்கு 'ஆமாம்'. நீர்த்ததற்கு 'இல்லை'. சத்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் டாக்டர் வாயைத் திறந்து பிள்ளை என்று சொல்லவில்லை. "காதுல கேட்கோணும். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். தினம் காலையில் மரக்குழல் ஒன்றை, வாய் அகன்ற சின்னக் குழல், என் வயிற்றில் வைத்து அதில் காதை வைப்பார். நிமிர்வார். போய்விடுவார்.

அப்படி ஒரு காலையில் வைத்த காதை அவர் எடுக்கவில்லை. குழலைக் கொஞ்சம் நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் இன்னொரு கை என் மணிக்கட்டில் நாடியைப் பிடித்திருந்தது, கேட்பது என் துடிப்பா வேறா என்று பார்க்க. நிமிர்ந்தவர் நேராகக் கதவுக்குப் போய், "சார்! சார், இங்க வாங்க!" என்று வராந்தாவே அதிரக் கூப்பிட்டார். சர்ஜன் வந்து காதை வைத்தார். "மை காட்" என்றார், என் தலையைத் தடவினார். எங்கள் வீட்டுக்காரர் வைத்தார். எங்கே கேட்கிறது, எங்கே கேட்கிறது என்று தேடி, கேட்டதும் அப்படியே மண்டியிட்டபடி இருந்துவிட்டார். அத்தை கேட்டுவிட்டு, "ஓட்டமா ஓடுதுங்களே!" என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

எல்லாரும் கேட்டார்கள். நான் மட்டும்தான் கேட்கவில்லை. என் காது என் வயிறுவரை எட்டாதே. "எனக்கு? எனக்கு எப்படிங்க?" என்று குழந்தை மாதிரிக் கேட்டேன்.

டாக்டர் மேபல் மறுபடியும் குனிந்து குழலில் காதை வைத்தார். என் உள்ளங்கையை விரித்து, ஒரு விரலால் அதில் தட்ட ஆரம்பித்தார். டக், டக், டக், டக். அவர் காதில் விழ விழ, என் கையில். என் நாடியைப் போல இரண்டு மடங்கு வேகம்.

"நிறுத்திராதீங்கம்மா" என்றேன்.

அன்றைக்கு அவருக்குப் புதுக் கல்லூரிக்குப் போக ரயில் இருந்தது. அவர் நிறுத்தவில்லை.